கார் துடைக்கும் துணியும் நம் கைக்கணக்கும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப் பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்திலேயே சில அக்காமார் கேட்டீங்க, "கார் கடைத் துணி துவைக்கிற வேலையை நாங்களும் எடுக்கலாமுங்களா?" என்று. எடுக்கலாம். ஆனால் எடுப்பதற்கு முன்னால், இந்த வேலையில் நாங்கள் பட்ட அடியை உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

நம்ம ஊர்ப் பக்கம் வண்டிக்குப் பஞ்சம் இல்லை. நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி, சங்ககிரியில் லாரி. சேலத்தில் கார் கடைகள் வரிசையாக நிற்கின்றன. முன்பெல்லாம் வாட்டர் சர்வீஸில் பனியன் கழிவுத் துணியால் துடைத்து அனுப்பிவிடுவார்கள். இப்போது காருக்கு மெழுகு போட்டு, பாலிஷ் பிடித்து, கண்ணாடி மாதிரி மினுக்கித் தருகிற கடைகள் வந்துவிட்டன. அங்கே பயன்படுவது மைக்ரோஃபைபர் துண்டு. ஒரு நாளைக்கு ஒரு கூடை துண்டு அழுக்காகிறது. துவைக்க அவர்களுக்கு ஆள் இல்லை.

நம் குழு ஒன்றுக்கு அப்படி ஒரு கடையிலிருந்து வேலை கிடைத்தது. வாங்கிக் கொடுத்தது நாங்கள்தான். "துணி துவைக்கிறதுல என்னங்க இருக்கு, பொறந்ததுல இருந்து செய்யறதுதானே" என்று குழுவினர் சொன்னார்கள். நாங்களும் தலையாட்டினோம். துணி என்ன ரகம் என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எங்கள் தவறு.

நல்ல மனதோடு, நன்றாகத்தான் துவைத்தார்கள். பார் சோப்பு போட்டு, துவைகல்லில் அடித்து, வாசனைத் திரவத்தில் அலசி, வேலி மேல் காயப்போட்டு, இஸ்திரியும் போட்டு, பள்ளிக்கூடச் சீருடை மாதிரி மடித்துக் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் கடையிலிருந்து போன் வந்தது. துணி தண்ணீரை உறிஞ்சவில்லை, ஒரு காரில் கீறல் விழுந்துவிட்டது, கூலியில் பிடிப்போம் என்றார்கள். அந்தக் கூலியை நம்பிப் பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்குத் தவணை சொல்லி வைத்திருந்த ஒரு அக்கா, அன்றைக்குக் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. அந்த முகம் எங்களுக்கு இன்னும் மறக்கவில்லை.

பிறகு உட்கார்ந்து யோசித்தோம். பாருங்க, பதிலில் பாதியைச் சொன்னது நாங்கள் இல்லை, தறிக்குப் போகிற ஒரு அக்கா. துண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது பருத்தி இல்லீங்க. பாலியஸ்டர் கலந்திருக்குது. மேலெல்லாம் பஞ்சு ஒட்டிக் கிடக்குது பாருங்க" என்றார். அங்கிருந்துதான் எங்களுக்குப் பாடம் ஆரம்பித்தது.

இந்தத் துண்டு பாலியஸ்டரும் நைலானும் சேர்ந்தது. பெரும்பாலும் 80 பங்கு பாலியஸ்டர், 20 பங்கு நைலான். சில ரகம் 70க்கு 30. நூல் கணக்குத் தெரிந்த உங்களுக்கு டெனியர் என்றால் சுலபமாகப் புரியும். 9000 மீட்டர் இழை ஒரு கிராம் எடை இருந்தால் அது ஒரு டெனியர். மைக்ரோஃபைபர் இழை அதற்கும் கீழே. அதாவது 9 கிலோமீட்டர் நீள இழை ஒரு கிராம்கூட வராது. தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிசு. அந்த இழையையும் கீறிப் பிளந்து வைத்திருப்பார்கள். அந்தப் பிளவுக்குள்ளேதான் தூசியும் தண்ணீரும் போய் உட்காரும். பருத்தித் துணி தூசியைத் தள்ளிக்கொண்டு போகும். இது தூக்கி உள்ளே வைத்துக்கொள்ளும். அதுதான் இதன் குணம், இதன் ஆபத்தும் அதுதான். உள்ளே ஒரு மணல் சிக்கினால், அடுத்த காரின் பெயின்டில் கோடு போட்டுவிடும்.

இப்போது நாங்கள் செய்த தவறுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வாசனைத் திரவம் துணியை மிருதுவாக்குவது எப்படி? இழை மேல் வழவழப்பாக ஒரு படலம் பூசித்தான். நம் சேலைக்கு அது சரி. இந்தத் துண்டில் பிளவெல்லாம் அடைத்துக்கொள்ளும். அப்புறம் தண்ணீரை எப்படி உறிஞ்சும்? பார் சோப்பும் அப்படித்தான். நம் போர் தண்ணி உப்புத் தண்ணி. அதில் சோப்பு நுரைக்காமல் வெள்ளையாகத் திரிந்து நிற்கும் இல்லையா, அந்தப் பிசுக்கு இழைக்குள் தங்கிவிடும். கல்லில் அடித்ததில் கல் தூள் ஏறியது. வேலியில் போட்டதில் முள்ளும் மண்ணும் சேர்ந்தது. வீட்டுப் பருத்தித் துணியோடு ஊறவைத்ததில் பஞ்சு ஒட்டியது. கடைசியில் இஸ்திரிப் பெட்டி. அந்தச் சூட்டில் இழையின் நுனி உருகி, ஆறியதும் முள்ளாகிவிடும். கீறல் விழுந்ததில் ஆச்சரியம் இல்லை.

இன்றைக்கு அந்தக் குழு செய்கிற முறையைச் சொல்கிறோம். எழுதத் தெரிந்தவர்கள் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிரிப்பது. கூடை மூன்று வேண்டும். கண்ணாடி துடைத்தது ஒன்று, கார் மேல்பாகம் துடைத்தது ஒன்று, சக்கரமும் இன்ஜினும் துடைத்தது ஒன்று. மூன்றையும் ஒரே தண்ணீரில் போடக்கூடாது. சக்கரத் துணியில் பிரேக்கின் இரும்புத் தூள் இருக்கும். ஓரத்தில் மூன்று நிறத்தில் நூல் முடிச்சுப் போட்டு வைத்தால் படிக்காதவர்களுக்கும் அடையாளம் தெரியும். தின்னர், பெட்ரோல் நனைந்த துணியை வாங்கவே வாங்காதீர்கள். மெஷினில் போட்டால் தீப்பிடிக்கும். சக்கரம் கழுவ அமிலம் சேர்ந்த திரவம் பயன்படுத்துகிற கடைகள் உண்டு. அந்தக் கூடையை ரப்பர் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

அடுத்து ஊறவைப்பது. நன்றாக உதறிவிட்டு, கை பொறுக்கிற வெதுவெதுப்பான தண்ணீரில், அதாவது 40 டிகிரிக்குள், லிக்விட் சோப்பு கொஞ்சம் கலந்து அரை மணி நேரம் ஊறட்டும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். பிளீச்சிங் பவுடர் வேண்டாம். பிறகு கையால் கசக்கினால் போதும், பிரஷ் தேவையில்லை. மெஷின் இருந்தால் மென்மையான ஓட்டத்தில், இந்தத் துண்டுகளை மட்டும் தனியாகப் போடுங்கள். நுரை போகிற வரை இரண்டு மூன்று தண்ணீர் அலச வேண்டும். கடைசி அலசலுக்கு மட்டும் காவிரித் தண்ணியோ பிடித்து வைத்த மழைத் தண்ணியோ கிடைத்தால் ரொம்ப நல்லது.

மூன்றாவது காயவைப்பது. துவைப்பதை விட இதில்தான் கவனம் வேண்டும். கொடியில், நிழலில், காற்றோட்டமான இடத்தில் போடுங்கள். பருத்தியை விட இது சீக்கிரம் காயும். தரையில் வேண்டாம், மொட்டை மாடியில் விரிக்கவும் வேண்டாம். ரோட்டோரம், தறிக் கூடத்துப் பக்கம், கோழிப் பண்ணைப் பக்கம் கொடி கட்டாதீர்கள். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்து அக்காமாருக்கு இது முக்கியம். பறக்கிற பஞ்சை இந்தத் துணி காந்தம் மாதிரி இழுத்துக்கொள்ளும். மழைக் காலத்தில் கூரைக்குள் ஃபேன் போட்டுக் காயவையுங்கள். ஈரத்தோடு மடித்தால் வாடை வந்துவிடும். இஸ்திரி கிடையவே கிடையாது. காய்ந்ததும் கையால் நீவி மடித்து, மூடியுள்ள பெட்டியில் வையுங்கள்.

நான்காவது சோதிப்பது. கண்ணாடி மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் துடைத்துப் பாருங்கள். துண்டு தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளிக்கொண்டு போனால் அடைப்பு இருக்கிறது. வெள்ளை வினிகர் கொஞ்சம் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, மறுபடி நன்றாக அலசினால் பெரும்பாலும் சரியாகும். புறங்கையில் தேய்க்கும்போது முரமுரவென்று இருந்தால் அது உருகிய துணி, திரும்ப வராது. சந்தேகமாக இருந்தால் பழைய சி.டி.யின் பளபளப்பான பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். கோடு விழுந்தால் அந்தத் துண்டு பெயின்டுக்கு ஆகாது. அதைச் சக்கரத்துக்குத் தள்ளுங்கள், அதற்கும் ஆகாவிட்டால் தரைக்கு. மேலே இருந்து கீழே இறங்கலாம், கீழே போனது மேலே ஏறக்கூடாது. கையிலிருந்து மண்ணில் விழுந்த துண்டும் துவைக்காமல் கொடிக்குத் திரும்பக்கூடாது.

இன்னொரு விஷயம். இந்தத் துணி துவைக்கும்போது உதிர்கிற இழை பிளாஸ்டிக். மக்காது. சாயத் தண்ணீரால் திருமணிமுத்தாறும் காவிரியும் என்ன பாடுபட்டன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் வெளியேறும் குழாயில் நெருக்கமான துணி கட்டி வடியுங்கள். சேர்கிற பிசிரைக் குப்பையில் போடுங்கள், எரிக்காதீர்கள். அந்தத் தண்ணீரை மாட்டுத் தொட்டிக்கும் கீரைப் பாத்திக்கும் விடாதீர்கள்.

இனி கணக்கு. ஒரு பேச்சுக்கு, துண்டுக்கு 3 ரூபாய் என்று வைப்போம். 100 துண்டுக்கு 300. சோப்பு, கரண்ட், வண்டிச் செலவு 60 போனால் மீதி 240. இரண்டு பேர் மூன்று மணி நேரம் துவைத்தால் ஆறு மணி நேரம், மணிக்கு 40 ரூபாய். பிரிக்கவும் மடிக்கவும் எண்ணவும் இன்னும் இரண்டு மணி நேரம் ஆனதே, அதை எங்கே எழுதினோம்? அதைச் சேர்த்தால் மணிக்கு 30தான். நம் கை வேலையை நாமே கணக்கில் விட்டுவிடுகிறோம் சகோதரிகளே. வீட்டில் சம்பளம் இல்லாமல் துவைத்த பழக்கம், கடைத் துணியிலும் தொடர்கிறது. விலை பேசும் முன்னால் எல்லா மணி நேரத்தையும் எழுதுங்கள்.

அந்தக் கூலிப் பிடித்தம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஊக்குநரும் இரண்டு உறுப்பினர்களும் நாங்களுமாகக் கடைக்குப் போனோம். எங்கள் தவறை முதலில் ஒப்புக்கொண்டோம். பிறகு அவர்கள் அனுப்பிய கூடையைக் கொட்டிக் காட்டினோம். சக்கரத் துணியும் பெயின்ட் துணியும் ஒன்றாகக் கிடந்தன. அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். பாதிப் பிடித்தம், பாதி கூலி என்று முடிந்தது. நட்டத்தில் குழுவின் பங்கை ஒரே அக்கா தலையில் போடாமல் வேலை செய்த எல்லாரும் பகிர்ந்துகொண்டார்கள். கல்லூரிக் கட்டணத்துக்குக் குழு உள்கடன் கொடுத்தது. இன்றைக்கு எழுதி வாங்கிய ஒப்பந்தம் இருக்கிறது. பிரித்துத் தருவது கடையின் பொறுப்பு, எண்ணிக்கை இரண்டு நோட்டிலும் கையெழுத்தோடு. வேலை தொடர்கிறது.

1989இல் தர்மபுரியில் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் சேலத்துக்கும் வந்த இயக்கம் நம்முடையது. அப்போது நாமக்கல்லும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. சேமிப்பும் கடனும் நமக்குக் கைவந்துவிட்டது. கைக்கு வருகிற பொருளைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் அதே அளவு முக்கியம். "துவைக்கிறதுல என்ன இருக்கு" என்று இனி நாங்களும் சொல்ல மாட்டோம், நீங்களும் சொல்லாதீங்க.

இந்த வேலையை எடுக்க நினைக்கிற குழு, தீர்மானம் போட்டு எங்களிடம் சொல்லுங்கள். அந்தக் குழுவின் அக்காமாரே வந்து ஒரு நாள் செய்து காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். வரும்போது பழைய சி.டி. ஒன்று கொண்டு வாங்க.