பேசித் தீரும் சோர்வும் பேச்சால் மட்டும் தீராச் சோர்வும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்னையில் கீழ்ப்பாக்கம் என்று சொல்லி ஏசுவதுபோல, இந்நகரில் ஊளம்பாறை என்று சொல்லி ஏசுகிறார்கள். 1870ஆம் ஆண்டில் தோன்றிய மனநல மருத்துவமனையின் பெயர் இவ்வாறு வசைச்சொல்லாகிவிட்டது. அந்த வசைக்கு அஞ்சியே நம்மவர் பலர் மனச்சோர்வை வீட்டுக்குள் மறைத்துவைக்கின்றனர்.

சோர்வெல்லாம் ஒரு தன்மையன அல்ல. உற்றாரை இழந்தவரின் துயரம் நோயாகாது. உறக்கமும் பசியும் குன்றி, எதிலும் நாட்டமின்றி, இரண்டு வாரங்களுக்கு மேல் ஒருவர் வாடியிருப்பின் நோயென ஐயுறலாம். பெரும்பாலும் இதற்குப் பேச்சுவழிச் சிகிச்சை நற்பயன் தரும்.

பேச்சு என்றதும் அறிவுரை என எண்ணிவிடாதீர்கள். “உனக்கென்ன குறை? மனத்தைத் திடப்படுத்திக்கொள்” என்கிறோமே, அது நோயாளியின் குற்ற உணர்ச்சியையே வளர்க்கும். இச்சிகிச்சையிலோ, அவர் கைவிட்ட சிறு செயல்களை, கோயில்வரை நடப்பது போன்றவற்றை, ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்கச் செய்வர்; அதனால் மனநிலை மாறும் விதத்தை அவரே கண்டறியச் செய்வர். கோவாவில் விக்ரம் பட்டேலும் அவர் குழுவினரும் இதனைச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டனர். கடுஞ்சோர்வு உற்றவர்களோடு உரையாடியவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண மக்களே. ஆறு முதல் எட்டு அமர்வுகள்தாம். மூன்று திங்களில் 100க்கு 64 பேருக்கு நோய் தணிந்தது. அவ்வுரையாடல் இல்லாதவருள் அவ்வாறு தணிந்தோர் 39 பேர்.

பிள்ளை பெற்ற தாய்க்கு வரும் சோர்வும் பேச்சுக்கு இணங்குவதே. நாமோ “பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிடுகிறோம்!

ஆனால், அளவிறந்த உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வருபவருக்கு மருந்து இன்றியமையாதது; பேச்சு அதற்குத் துணையே. இல்லாத குரலைக் கேட்பவர், உணவை மறுப்பவர், உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுபவர் ஆகியோரிடம் நாமே பேசிப்பார்த்துக் காலம் தாழ்த்தலாகாது. உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும்.

மற்றொன்று. மாத்திரைக்கு மொழியில்லை, இச்சிகிச்சைக்கு உண்டு. சாலைக் கடைத்தெருவில் மலையாளத்தில் வாணிகம் செய்யும் நாம், வீட்டில் தமிழில்தான் அழுகிறோம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையில், 14416 என்னும் எண்ணில், இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். இவ்வெண்ணை நம் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்குமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.