பஸ் வரும், வாத்தியார்?

பொறியியல் கலந்தாய்வு என்றால் முதலில் கட்-ஆஃப். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50, ஆக மொத்தம் 200. கணக்குப் போட்டாயிற்று. அடுத்த கேள்வி, எந்தக் கல்லூரி?

தரத்தை மதிப்பிட்டு வழங்கும் அங்கீகாரங்களை முதலில் பாருங்கள். நாக் அங்கீகாரம் கல்லூரி முழுவதற்கும் தரப்படுவது. என்.பி.ஏ. அங்கீகாரம் தனித்தனிப் பாடப்பிரிவுக்கு. நம் பிள்ளை சேரப்போகிற பிரிவுக்கு அது இருக்கிறதா, காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விகிதத்தையும் புரட்டுங்கள். விருப்பப் பட்டியலில் மிகவும் பிடித்ததை மேலே வையுங்கள். அந்த வரிசைப்படிதான் இடம் பார்ப்பார்கள்.

பிள்ளைக்கு ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்திருந்த ஒருவரிடம் கேட்டேன்: "ஏன் சார் இந்தக் கல்லூரி?"

"ஏசி பஸ் வீட்டு வாசலுக்கே வருதே!"

"வகுப்புக்கு வாத்தியார் வருவாரா?"

"அதைப் பத்தி நோட்டீஸ்ல ஒண்ணும் போடலையே சார்!"