காலஞ்சென்ற அங்கத்தினரின் பணம் யாரைச் சேரும்?

(கிராமக் கூட்டுறவுச் சங்கத்தாருக்கு நிகழ்த்திய பிரசங்கம்)



சங்கத்தில் சில ஆயிரம் ரூபாய் பங்குப் பணமும் சேமிப்பும் வைத்திருந்த குடியானவர் ஒருவர் திடீரெனக் காலமாகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருமாதி முடியுமுன்னரே கடன்காரர் வாசலில் நிற்பர். மனைவி பணம் கேட்டுச் சங்கத்திற்கு வருவார்; இறந்தவரின் தம்பியோ, தமக்கும் பாத்தியதை உண்டென்று ஆட்சேபனை எழுதிக் கொடுப்பார். கோர்ட்டுக்குச் சென்று ‘சக்ஸெஷன் சர்டிபிகேட்’ வாங்கிவரும்படி காரியதரிசி சொல்லிவிட்டால், வக்கீல் பீஸும் கோர்ட்டுக் கட்டணமும் போக அக்குடும்பத்திற்கு மிஞ்சுவது என்ன?

இந்தத் துன்பம் பெரும்பாலும் அவசியமற்றது. 1912ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 22ஆம் பிரிவே இதற்கு வழி செய்தது. அங்கத்தினர் விதிப்படி நியமித்தவருக்கும், நியமனம் இல்லாவிடில் வாரிசென்று கமிட்டிக்குத் தோன்றுபவருக்கும், சங்கம் பங்கை மாற்றலாம். அல்லது அதன் மதிப்பைக் கொடுத்துவிடலாம். சட்டப்படி அவ்வாறு கொடுத்தபின், வேறெவரும் சங்கத்தின்மீது உரிமை கோர இடமில்லை. பின்வந்த 1983ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டத்திலும் இவ்வழி கைவிடப்படவில்லை.

ஆயினும் நியமனச் சீட்டு எழுதாதவர் பலர். சாவைப்பற்றி எழுதுவது அமங்கலமாம்! மாட்டுக்கு இன்ஷியூரன்ஸ் எழுதும்போது மட்டும் இந்த அச்சம் தோன்றுவதில்லை. விவாகத்திற்கு முன் தகப்பனார் பெயரை எழுதிவிட்டு, அவர் மறைந்து பல வருஷமாகியும் அதை மாற்றாதிருப்போரும் உளர்.

நியமனம் பெற்றவர் பணத்தைப் பெற உரியவரேயன்றி, அதனாலேயே அதற்கு முழுச் சொந்தக்காரர் ஆகிவிடார். 2016இல் ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்க வழக்கில், சங்கம் நியமனப்படியே நடக்கக் கடமைப்பட்டதென்றும், மற்ற வாரிசுகள் தம் உரிமையைத் தனியே நிலைநாட்டிக்கொள்ளலாமென்றும் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. உயில் எழுதாது இறந்த இந்து ஆடவரின் சொத்து, 1956ஆம் வருஷத்துச் சட்டப்படி, தாய், மனைவி, புதல்வர், புதல்வியர் ஆகியோருக்குச் சமபாகமாகச் சேரும். இவர்களுள் ஒருவர் இருக்கும்வரை தம்பிக்குப் பாகமில்லை. தாயையும் மணமான பெண்ணையும் மறந்துவிட்டுக் கையொப்பம் வாங்குவதே கிராமங்களில் வழக்கு மூளுவதற்கு விதை.

நிலத்தின் சங்கதி வேறு. சக்ஸெஷன் சர்டிபிகேட் கடன்களுக்கும் பத்திரங்களுக்குமே உரியது. பட்டா மாற்றத்திற்குத் தாசில்தாரை நாடவேண்டும். சென்னை நகருக்கு வெளியே, வெளியூர் நிலத்தைக் குறித்து இந்துக்கள் எழுதும் உயிலுக்குப் புரொபேட் பெறவேண்டுமென்று 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. தகப்பனார் கடனுக்கும், பிள்ளைகள் தமக்கு வந்த சொத்தின் அளவுக்கே பொறுப்பாளிகள்.

நியமனம் இல்லாதவிடத்துக் கமிட்டியார், மரணச் சான்றிதழும் தாசில்தாரின் வாரிசுச் சான்றிதழும் பெற்று, வாரிசுகள் அனைவரின் சம்மதக் கையொப்பத்தையும் ஈட்டுறுதிப் பத்திரத்தையும் வாங்கி, சங்கத்திற்குள்ள கடன் பாக்கியைக் கழித்து, தீர்மானத்தை மினிட் புஸ்தகத்தில் காரணத்துடன் எழுதிக்கொள்வது நலம். வாரிசுகளுக்குள்ளேயே மெய்யான தகராறு இருப்பின் மட்டும் கோர்ட்டு உத்தரவுக்குக் காத்திருக்கலாம். அடுத்த மகாசபைக்கு வரும்போது ஒவ்வொரு அங்கத்தினரும் தம் நியமனச் சீட்டில் யார் பெயர் இருக்கிறதென்று காரியதரிசியிடம் கேட்டுப் பார்த்துக்கொள்வார்களாக.