படைவீரர் குடும்பத்துக்கு ஊரார் பட்ட கடன்



கடன் இருவகைப்படும். பத்திரத்தில் எழுதிய கடனுக்குத் தவணை உண்டு; தவணை தவறினால் நோட்டீஸ் வரும். பத்திரத்தில் ஏறாத கடனுக்கு நோட்டீஸ் வருவதில்லை. ஆகையால் அதை மறப்பது எளிது. படைவீரருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் ஊரார் பட்டிருக்கும் கடன் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. திருவள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்ததும் இத்தகைய கடன்களை எண்ணியே போலும்.

1939 முதல் 1945 வரை நடந்த இரண்டாம் உலக யுத்தத்தில் 25 லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் சேவை செய்தனர். அவர்கள் கட்டாயத்தின்பேரில் பிடிக்கப்பட்டவரல்லர். தாமே முன்வந்து பெயர் கொடுத்தவர்கள். அவர்களுள் 87,000 பேர் வரை உயிர் துறந்தனர். மதராஸ் ஸாப்பர்ஸ் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியம் என்பார் 1944-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 24-ந் தேதி இத்தாலி தேசத்தில் கண்ணிவெடி அகற்றும் வேலையில் ஈடுபட்டிருந்தார். வெடியொன்று கிளம்பப் போவதைக் கண்டதும், உடனிருந்தோரைக் காக்கும்பொருட்டுத் தாமே அதன்மேல் விழுந்து உயிர் நீத்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்னும் உயரிய விருது மரணத்துக்குப்பின் வழங்கப்பட்டது.

வீரனுடைய தியாகம் விருதினால் வெளிப்படுகிறது. அவன் வீட்டாருடைய தியாகத்துக்கோ விருதில்லை. மகன் கடல் கடந்து சென்றபின் ஏர் பிடித்தவர் முதிய தகப்பனார். மணியார்டர் வரும் நாளை எதிர்பார்த்துக் குடும்பத்தை நடத்தியவள் மனைவி. தந்திச் சேவகன் தெருவில் வந்தால் அவ்வீடு நடுங்கியது.

யுத்தம் முடிந்ததும் கஷ்டம் முடிந்துவிடவில்லை. சாதாரணச் சிப்பாய் பென்ஷன் பெறுவதற்கு 15 வருஷ சேவை வேண்டும். யுத்தகாலத்தில் சேர்ந்து அதன் முடிவில் விடுவிக்கப்பட்டவர்களுக்கு அத்தனை வருஷம் ஏது? ஊனமுற்றோர் நீங்கலாக, அவர்களில் மிகப் பலர் பென்ஷனின்றியே ஊர் திரும்பினர். பின்னர் 1947, 1962, 1965, 1971, 1999 ஆகிய வருஷங்களில் சுதந்திர இந்தியா நடத்திய யுத்தங்களிலும் கிராமத்துப் பிள்ளைகளே பெரும்பான்மையாகப் போர்முனையில் நின்றனர்.

1949 முதல் டிசம்பர் 7-ந் தேதி கொடிநாளாக அனுஷ்டிக்கப்படுகிறது. அன்று உண்டியலில் பணமிடுவது நன்றே. ஆயினும் ஒருநாள் மாலையிட்டு, மற்ற நாட்களில் அவ்வீட்டை எட்டிப் பாராதிருப்பது நன்றியாகாது. ஊரார் செய்யத்தக்கவை சில உள.

முதலாவது, காகிதங்கள். படை அலுவலகத்துப் பதிவில் மனைவியின் பெயர் ஒருவிதமாகவும் ஆதார் அட்டையில் வேறுவிதமாகவும் இருந்தால், கணவன் இறந்தபின் குடும்பப் பென்ஷன் தாமதப்படும். துக்கத்திலிருக்கும் விதவை அப்பிழையைத் திருத்த அலைவதினும், வீரர் உயிரோடிருக்கையிலேயே திருத்திக்கொள்வது மேல். எழுதப் படிக்க வல்ல வாலிபர் ஒருவர் ஒருநாள் உடனிருந்து உதவினால் போதும்.

இரண்டாவது, உயிர்ச்சான்று. பென்ஷன்தாரர் வருஷந்தோறும் இதைக் கொடுத்தல் வேண்டும். நடக்கவியலாத முதியவரைத் தக்க இடத்துக்கு அழைத்துச் செல்வது அண்டை வீட்டார் கடமை.

மூன்றாவது, நிலம். எல்லையில் நிற்பவனுடைய வரப்பை இங்கே ஒருவர் வெட்டிக் குறுக்குவது திருட்டினும் இழிவானது. பாகப்பிரிவினையிலும் அவன் பங்கு குறையாதபடி பெரியோர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, தொழில். மோட்டார் ஓட்டுதல், யந்திரம் பழுதுபார்த்தல், சுகாதாரம், கணக்கு ஆகியவற்றில் தேர்ந்து திரும்பியவர்கள் பலருண்டு. அவர்களைக் கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தினராக்கி, நிர்வாகத்திலும் இடமளித்தால் பயனடைவது சங்கமே. ஒழுங்கும் நேரந்தவறாமையும் விலைக்குக் கிடைப்பனவல்ல.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. மாண்டவர் உயிரை எவராலும் திருப்பித்தர இயலாது. ஆதலின் இக்கடனில் அசல் தீராது. வட்டியையேனும் ஊரார் தவணை தவறாது செலுத்தி வருவார்களாக.