எந்தக் கல்லூரியில் சேர்ப்பது?



தாராவியில் ஒரு குடும்பம். அப்பா தோல் பட்டறையில் வேலை செய்கிறார். அம்மா இட்லி சுட்டு விற்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மேலே படிக்க ஆசைப்படுகிறாள். ஒரு தரகர் வீட்டுக்கு வந்தார். "ஒரே வருடத்தில் பட்டம். நாளைக்குள் ஐயாயிரம் கட்டுங்கள்" என்றார். அம்மா என்ன செய்வார்? பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: பட்டம் கொடுப்பது யார்?

கல்லூரி பாடம் நடத்தும். பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். மும்பைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகமும் அதே ஆண்டில் தொடங்கியதுதான். மாட்டுங்காவில் ரூயா கல்லூரி 1937-இல் வந்தது. போதார் வணிகக் கல்லூரி 1941-இல் வந்தது. இரண்டும் மும்பைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பட்டப் படிப்புக்குப் பொதுவாக மூன்று வருடமாவது ஆகும். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிடுகிறது. அதைப் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி: என்ன படிப்பு?

பதினோராம் வகுப்பில் எடுத்த பாடத்தைப் பொறுத்தே மேல்படிப்பு அமையும். கணக்கு படிக்காதவருக்குப் பொறியியலில் இடம் கிடைப்பது கடினம். உங்கள் பிள்ளை பத்தாவது படிக்கிறதா? இப்போதே ஆசிரியரிடம் பேசுங்கள்.

மூன்றாவது கேள்வி: மொத்தச் செலவு எவ்வளவு?

கல்லூரிக் கட்டணம் மட்டும் செலவல்ல. தேர்வுக் கட்டணம் உண்டு. புத்தகம் உண்டு. பயணம் உண்டு. மாட்டுங்காவுக்கு நடந்தே போகலாம். செம்பூருக்கு ரயில் வேண்டும். மாணவர்களுக்குச் சலுகை விலையில் ரயில் பாஸ் கிடைக்கும். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வேண்டுமா? திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. இந்திரா காந்தி பல்கலைக்கழகம் 1985-இல் தொடங்கியது. நாசிக்கில் உள்ள யஷ்வந்த்ராவ் சவான் பல்கலைக்கழகம் 1989-இல் தொடங்கியது.

நான்காவது கேள்வி: என்னென்ன சான்றிதழ் வேண்டும்?

இதில்தான் பல தமிழ்க் குடும்பங்கள் தடுமாறுகின்றன. ஊரில் வாங்கிய சாதிச் சான்றிதழ் இங்கே அப்படியே செல்லாது. மும்பை மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் கேட்ட வழக்கில், 1990-இல் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. பட்டியல் சாதிச் சலுகை இங்கே கிடைக்க வேண்டுமானால், அந்தச் சாதி மகாராஷ்டிரப் பட்டியலில் இருக்க வேண்டும். குடும்பம் 1950 ஆகஸ்டு 10-க்கு முன்பே இங்கு குடியிருந்ததற்கு ஆதாரமும் கேட்பார்கள். தாத்தாவின் பள்ளிச் சான்று, பழைய வாடகைச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். கடைசி நாள் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தாசில்தார் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மறுநாள் தரகர் வந்தார். அம்மா அவர் தந்த தாளை எழுத்துக் கூட்டி வாசித்தார். "இதில் பல்கலைக்கழகத்தின் பெயரே இல்லையே, ஐயா?" என்று கேட்டார். தரகரிடம் பதில் இல்லை. ஐயாயிரம் ரூபாய் பெட்டியிலேயே இருந்தது. அடுத்த வாரம் தாயும் மகளும் மாட்டுங்காவுக்கு நடந்தார்கள். கல்லூரி வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையை இருவரும் சேர்ந்து வாசித்தார்கள்.

நீங்களும் வாசியுங்கள். கேளுங்கள். பிறகு பணம் கட்டுங்கள்.