முழுசாப் படிச்சீங்களா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அடுப்பைச் சின்னதா எரிய விட்டுட்டு வந்து டிவி முன்னால உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, வணக்கம்! (சிரிப்பு)

எதிரணிச் சகோதரி ஒரு போடு போட்டாங்க: "பெத்தவளுக்கு இல்லாத அக்கறை வாத்தியாருக்கா?" அரங்கமே கை தட்டிச்சு. நானும்தான் தட்டினேன். நானும் ஒரு பொண்ணைப் பெத்தவன். அக்கறையில எனக்குச் சந்தேகமே கிடையாது. நான் கேக்கிறது, பள்ளிக்கூடத்துல வேண்டாம்னு சொல்றீங்களே, அந்தப் புத்தகத்தை முழுசாப் படிச்சீங்களா?

நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் ஐலண்ட் ட்ரீஸ் என்று ஒரு பள்ளி மாவட்டம். அங்கே பள்ளிகளை நடத்துவது மக்கள் தேர்ந்தெடுத்த குழு. 1975-இல் அந்தக் குழுவில் மூணு பேர், ஒரு பெற்றோர் அமைப்பு நடத்திய மாநாட்டுக்குப் போனாங்க. திரும்பி வரும்போது கையில ஒரு பட்டியல், 'ஆகாத புத்தகங்கள்' என்று. கூடவே அந்தப் புத்தகங்களிலிருந்து பிச்சு எடுத்த வரிகள். 1976-இல் 11 புத்தகங்களை எடுக்கச் சொல்லி உத்தரவு!

அதில் ஒன்று பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திலேயே இருந்தது. பெர்னார்ட் மாலமுட் எழுதிய 'தி ஃபிக்ஸர்', 1967-இல் புலிட்சர் பரிசு பெற்ற நாவல். ஜார் காலத்து ரஷ்யாவில், செய்யாத கொலைக்காக ஒரு யூதத் தொழிலாளியைச் சிறையில் போட்டு வதைக்கிற கதை. குழு அந்தப் புத்தகங்களுக்குச் சூட்டிய பட்டங்களில் ஒன்று என்ன தெரியுமா? 'யூத விரோதம்'! எழுதினவரே யூதர், ஐயா! (சிரிப்பு) வதைக்கிறவன் வாயில் வசவு வராம தேவாரமா வரும்? (பலத்த கைதட்டல்) கம்பராமாயணத்துல கூனி பேசுறதை மட்டும் ஒரு தாளில் எழுதி நீட்டுங்க, எந்தத் தாயும் "இது வீட்டுக்கே ஆகாது"ன்னுதான் சொல்லுவா.

இனிமேதான் விஷயமே இருக்கு. எதிர்ப்புக் கிளம்பினதும், நாலு பெற்றோர், நாலு பள்ளி ஊழியர்கள் சேர்த்து ஓர் ஆய்வுக்குழு போட்டாங்க. அவங்க சிபாரிசு என்ன? அஞ்சு புத்தகம் இருக்கட்டும், ரெண்டை எடுத்துடலாம். இருக்கட்டும்னு சொன்னதில் அந்த 'ஃபிக்ஸர்' உண்டு. சகோதரி, அவங்களும் பெத்தவங்கதானே? நிர்வாகக் குழு அதைக் கேக்கலை. ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் தடையில்லாமல் திருப்பி வச்சாங்க.

ஸ்டீவன் பிக்கோ என்ற மாணவனும் நண்பர்களும் வழக்குப் போட்டார்கள். 1982-இல் உச்ச நீதிமன்றத்தில் அஞ்சுக்கு நாலு என்று மாணவர் பக்கம் முடிவானது. பேச்சு நூலகப் புத்தகங்களைப் பத்தித்தான், வகுப்புப் பாடத்தை நீதிபதிகள் தொடலை. அதை மறைச்சுப் பேசினா எதிரணி என்னைச் சும்மா விடாது.

ஏன் இவ்வளவு காரம்னு நடுவர் பாக்கிறார். சொல்லிடறேன். என் பொண்ணுக்குக் கல்லூரியில ஒரு நாவல் பாடம். புரட்டினேன், ரெண்டு பக்கம் கண்ணில பட்டது. அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டிட்டேன். தமிழ்ப் பேராசிரியர், முனைவர் பட்டம் வேற! (சிரிப்பு) அவ வந்து நின்னா. "அப்பா, முழுசாப் படிச்சீங்களா?"

அன்னிக்கு ராத்திரி படிச்சேன். விடியக்காலம் அவ மேஜையில கொண்டு போய் வச்சேன். அந்த ரெண்டு பக்கம் எனக்கு இன்னிக்கும் பிடிக்கலை. அதை அவகிட்டயே சொன்னேன். ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்துல எங்க வீட்டுல பட்டிமன்றம். தீர்ப்பு இன்னும் வரலை.

நடுவர் மணியில கை வச்சுட்டார். வணக்கம்! (பலத்த கைதட்டல்)