கிளட்சுக் குழாயில் புகுந்த காற்று

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடத்தப்பெற்ற பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



நம் ஊர்களில் கத்தரியும் தக்காளியும் வாழைத்தாரும் சந்தைக்குச் செல்வது பெரும்பாலும் பழைய பிக்கப் வண்டிகளிலேதான். விடியற்காலைச் சந்தைக்குள் சரக்குப் போய்ச் சேராவிடில் விலை விழுந்துவிடும். ஆகவே அவ்வண்டி ஒரு நாள் நின்றால், நட்டம் வண்டிக்காரருக்கு மட்டுமன்று. அதில் சரக்கேற்றிய குடும்பங்கள் அனைத்திற்குமாம். இத்தகைய வண்டிகளில் நேரும் ஒரு கோளாற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றோம்.

கிளட்சு மிதி பஞ்சுபோல் அமுங்குகிறது; கியர் விழ மறுக்கிறது; ரிவர்ஸ் கியரைப் போட்டால் பற்கள் கரகரவென்று உரசுகின்றன. இரண்டு மூன்று முறை விரைந்து மிதித்தபின் சற்றே வழிக்கு வருகிறது. இதைக் கண்டதும் கிளட்சுத் தட்டு தேய்ந்ததென்று கருதிக் கியர்ப்பெட்டியை இறக்கச் சொல்வோர் பலர். தட்டுத் தேய்வின் அடையாளம் வேறு: இஞ்சின் இரையும், ஆனால் ஏற்றத்தில் வண்டி இழுக்காது. மிதி பஞ்சுபோல் ஆனால், நாம் முதலில் ஐயுற வேண்டியது குழாயில் புகுந்த காற்றையே.

காற்று எவ்வாறு கெடுக்கிறது? மிதியை அழுத்தும்போது மேலே உள்ள மாஸ்டர் சிலிண்டர், பிரேக் ஆயிலைக் குழாய் வழியே தள்ளுகிறது. அந்த அழுத்தம் கியர்ப்பெட்டியின் அருகிலுள்ள கீழ்ச் சிலிண்டரை அடைந்து, கிளட்சை விடுவிக்கிறது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் விளக்கினார். திரவம் எளிதில் சுருங்காது, காற்றோ சுருங்கிவிடும். குழாயில் சிறிது காற்று இருந்தாலும், நம் காலின் வலிமை அதைச் சுருக்குவதிலேயே வீணாகிறது. கேபிள் கம்பியால் இயங்கும் கிளட்சுக்கு இது பொருந்தாது.

இனி, காற்றை வெளியேற்றும் முறையைக் கூறுவோம். இதற்கு இருவர் தேவை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஆயில் கிண்ணத்தின் மூடியைச் சுற்றிலும் துடைத்தபின் திறந்து, மூடியில் குறித்துள்ள வகை ஆயிலையே நிரப்புக. இஞ்சின் ஆயிலை ஒருபோதும் ஊற்றலாகாது. அது உள்ளேயுள்ள ரப்பர் வாஷர்களை ஊதச் செய்து கெடுத்துவிடும்.

கீழ்ச் சிலிண்டரிலுள்ள நிப்பிளில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைச் சிறிது பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க வைக்க வேண்டும். ஒருவர் மிதியை மெதுவாக அழுத்திப் பிடித்திருக்க, மற்றவர் நிப்பிளை அரைச்சுற்று தளர்த்துக. ஆயிலோடு குமிழிகள் வெளிவரும். நிப்பிளை இறுக்கிய பின்னரே காலை எடுக்க வேண்டும். முன்னதாக எடுத்தால் வெளியேறிய காற்று மீண்டும் உள்ளே உறிஞ்சப்படும். ஆகவே “அழுத்து”, “விடு” என்று இருவரும் குரல் கொடுத்துச் செய்வது நலம். குமிழி அறவே நிற்கும்வரை இவ்வாறு செய்க. இடையிடையே கிண்ணத்தை நிரப்புவது இன்றியமையாதது. அது வற்றினால் பட்ட பாடெல்லாம் வீணாகும்.

மிதித்தும் காற்று நீங்காவிடில், சுத்தமான ஊசிக்குழல் கொண்டு புதிய ஆயிலை நிப்பிளின் வழியே மேல்நோக்கிச் செலுத்தலாம். காற்றின் இயல்பு மேலே எழுவது. இம்முறை அவ்வியல்பிற்கு இசைந்தது. கிண்ணம் நிரம்பி வழியாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெளியேறிய ஆயிலை மீண்டும் ஊற்றலாகாது; வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டவும் கூடாது. அது வண்டியின் பெயிண்டை அரிக்கும். கண்ணில் பட்டால் உடனே நிறைய நீரால் கழுவி, மருத்துவரிடம் செல்ல வேண்டும். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால், திறந்து நெடுநாளான டப்பாவை நம்ப வேண்டாம். 2 ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுவது நல்ல வழக்கம்.

இத்துடன் பாதி வேலையே முடிந்தது. கிணற்றுப் பம்பு தண்ணீர் வாங்காதபோது மேலிருந்து நீர் ஊற்றி ஓட்டுகிறோம். அடியிலுள்ள புட்வால்வு ஒழுகினால், மறுநாளும் ஊற்ற வேண்டியதுதானே? கிளட்சும் அவ்வாறே. மூடிய குழாயில் காற்றுப் புகுந்ததென்றால், எங்கோ ஒரு வழி இருக்கிறது. மிதியின் மேற்புறத்தில் தண்டு நுழையும் இடத்தில் ஈரம் உளதா, கீழ்ச் சிலிண்டரின் ரப்பர் உறையுள் ஆயில் தேங்கியுளதா, ரப்பர்க் குழாய் வெடித்துளதா, இணைப்புகள் கசிகின்றனவா என்று பார்க்க வேண்டும். சில வண்டிகளில் கீழ்ச் சிலிண்டர் கியர்ப்பெட்டிக் கூட்டினுள்ளேயே இருக்கும். அது கசிந்தால் மட்டும் பெட்டியை இறக்குவது தவிர்க்க முடியாதது.

மற்றொன்றையும் மறவாதீர்கள். சில வண்டிகளில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே கிண்ணம். அங்கே ஆயில் குறைவது உயிருக்கே எச்சரிக்கை. கிளட்சு விடுபடாத வண்டி, கியரில் கிடக்கும்போது சாவியைத் திருப்பினால் முன்னே பாயவும் கூடும். சந்தை நெரிசலிலும் பள்ளி வாயிலிலும் அதன் விளைவை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, ஊராட்சியின் தூய்மைப் பணி வண்டியாயினும், உழவரின் சொந்த வண்டியாயினும், வாரம் ஒருமுறை ஆயிலின் அளவைப் பார்த்து ஏட்டில் குறித்து வைக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். அளவு குறைந்தால் நிரப்புவதோடு நில்லாமல், அது சென்ற வழியையும் தேடுவோமாக.